செவ்வாய்க்கிழமைப் பை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு சிறு தேவாலயக் கூடத்தில் பிற்பகல் வெயில் மேசைவிரிப்பின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கணவன் வர்ஜிலை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. ஊரார் கொண்டுவந்து வைத்த பலகாரங்களுக்கு நடுவில், முட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட செஸ் பை என்ற இனிப்பில் ஒரு துண்டை எடுத்து ஒரு விள்ளல் வாயில் வைத்த ஐடெல்லாவின் கை அப்படியே நிற்கிறது. நாக்கோரத்தில் மெல்லிய வினிகர்ப் புளிப்பு. வர்ஜில் தன் கையால் சுடுவது அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். பை இருந்த தட்டைத் தூக்கி அடியில் பார்க்கிறாள். மற்றவற்றில் ஒட்டியிருக்கும், கொண்டுவந்தவரின் பெயர்ச்சீட்டு இதில் இல்லை.

"சதுரங்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அண்ணி? சீஸுன்னு சொன்னதுதான் மருவி செஸ்ஸாச்சு" என்று நாத்தனார் ஒடெஸா பேச்சை வளர்க்கிறாள். "இல்லீங்க" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். நீலக் கோட்டு அணிந்த, முன்பின் பார்த்திராத பெண். "என்ன பைன்னு கேட்டதுக்கு ஒருத்தி ஜஸ்ட்டை ஜெஸ்ஸுன்னு இழுத்து, ஜெஸ் பை, சும்மா பைதான்னாளாம். அது செஸ்ஸாயிடுச்சு. வர்ஜில்தான் சொன்னாரு. செவ்வாய்க்கிழமையானா எங்க வீட்டுல வந்து சுடுவாரு. அவரைப் பாத்துக் கத்துக்கிட்டுதான் இதை நான் சுட்டேன். நான் ரோவீனா. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

செவ்வாய்க்கிழமைகளில் அவன் தூண்டிலோடு ஆற்றுக்குப் போவான். ஒருநாளும் மீனோடு திரும்பியதில்லை. மனசில் எழுவது கோபமா, அவனைப் பற்றிக் கேட்க இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்ற ஆசையா, ஐடெல்லாவுக்குப் பிடிபடவில்லை. தன் தட்டை ரோவீனாவிடம் நீட்டுகிறாள். "இன்னொரு துண்டு வெட்டு. பெரிசா வெட்டு. வெட்டிட்டு இப்படி வந்து உக்காரு."