பதினோரு பேரில் இல்லாதவன்

"பதினோரு பேரைக் காப்பாத்தலாம்னு ரூல். பதினோராவதாக்கூட டேரில் ஞாபகம் வரலையா உங்களுக்கு?"

வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள் டேரிலின் மனைவி லோர்னா. வெளியே பெர்ரி கேக்குடன் நின்றார் வெஸ். டேரில் ஆடும் சஸ்காட்டூன் நகர ஐஸ் ஹாக்கி அணியின் மேனேஜர்.

"லோர்னா, கொஞ்சம் பொறுமையா..."

"போன மாசம் எங்க வீட்டு மேஜைல உட்கார்ந்து ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே. அப்ப டெஸ் தன் ஸ்கூல் கதையெல்லாம் சொன்னாளே. காதுல விழலையா?"

லீகில் புதிதாக ஓர் அணி சேர்கிறது. அதற்கு ஆள் வேண்டும். பழைய அணிகள் ஒவ்வொன்றும் பதினோரு பேரை 'இவர்களைத் தொடாதே' என்று ஒதுக்கிவிடலாம். மிச்சத்தில் ஒருவனைப் புது அணி அள்ளிக்கொண்டு போகும். வெஸ் ஒதுக்கிய பதினோரு பேரும் இளசுகள். முப்பத்தைந்து வயது டேரில் மிச்சத்தில் கிடந்தான்.

புது அணிக்குப் போனால் ஊர் மாற வேண்டும். மகள் டெஸ்ஸுக்கு இதுவே நாலாவது ஊர்.

"கேக்கையாவது வாங்கிக்கோ. என் வீட்டுக்காரி பெவ் குடுத்துவிட்டா."

"அந்தப் பதினோரு வீட்டுல குடுங்க."

கதவு சாத்தப்பட்டது.

லோர்னா பெட்டி கட்ட ஆரம்பித்தாள். டெஸ் தன் புத்தகங்களை எடுத்துத் தரவும் இல்லை, தரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் டிவியில் அறிவித்தார்கள். சஸ்காட்டூனிலிருந்து புது அணி எடுத்தது, பெஞ்சில் உட்கார்ந்தே காலம் தள்ளிய ஒரு கோல்கீப்பரை. டேரிலை இல்லை.

டெஸ் தோழிக்குச் சொல்ல ஓடினாள். லோர்னா ஒட்டுகிற டேப்பும் கையுமாக நின்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். வரவில்லை.

"ஏன், உன்னை எடுத்தா அவங்களுக்குக் கை வலிக்குதாமா?" என்று டேரிலிடம் பாய்ந்தாள்.

"போகக் கூடாதுன்னுதானே அழுதே?"

"அது வேற. என் புருஷனை வேண்டாம்னு சொல்ல அவங்க யாரு?"

"இப்ப நான் சந்தோஷப்படணுமா, கோபப்படணுமா?"

"எனக்கே தெரியலை. பேசாம இரு."

ரேடியோவில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். "அடுத்த வருஷம் புதுப் பசங்கள்ல முதல் ஆளை எடுக்கற உரிமையை வெஸ் அந்தப் புது அணிக்குத் தூக்கிக் குடுத்துட்டார். பதிலுக்கு என்ன வாங்கினார்? ஒண்ணுமில்லை. இவரை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க."

"சரியாச் சொன்னான்" என்றாள் லோர்னா.

டேரிலின் போன் அடித்தது. புது அணியின் கோச், டேரிலோடு முன்பு ஆடியவன். கேட்கக் கேட்க டேரில் மெல்ல ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னவாம்?"

"அவங்க எடுக்க நினைச்ச முதல் ஆளே நான்தானாம்."

"அப்புறம்?"

"என்னைத் தொடாம இருக்கத்தான் வெஸ் அந்த உரிமையைக் குடுத்தாராம். முடியறவரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு பேச்சாம்."

"அந்த ஆளுக்குப் பைத்தியமா? உன் தேஞ்சுபோன முட்டிக்கு எவனாவது அவ்வளவு பெரிய விலை குடுப்பானா?"

"அதைத்தான் அவங்களும் கேட்டாங்களாம். அதுக்கு வெஸ், 'முட்டிக்கு இல்லைப்பா. அவன் பொண்ணுக்கு ஸ்கூல்ல பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட இப்பதான் ஒருத்தி கிடைச்சிருக்கா'ன்னாராம்."