நெற்றிக்குக் கீழே

ஒஸ்லோவில் ஓவியன் கேதீஸ்வரன் வரைகிற அம்மாக்களுக்கெல்லாம் நெற்றி மட்டும்தான் இருக்கும். மீதித் தாளில் மின்விசிறி சுற்றும், அதன் இறக்கைகளுக்கிடையில் ஒரு பல்லி நீந்தும், கூரை மெல்லக் கடலாகும். புலம்பெயர்ந்தவனின் ஏக்கம் முகங்களை அழித்துவிடுகிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அவனும் தாடியைத் தடவியபடி ஆமோதித்துவைத்தான். உண்மையில், பருத்தித்துறையில் தனியாக இருக்கும் அம்மா வீடியோ காலில் போனைப் பிடிக்கிற லட்சணம் அது. அம்மாவின் பழைய புகைப்படங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. அகதியாக வந்தவனுக்கு ஊர் போகவும் வழியில்லை.

இன்றைக்கு முழு முகமாக வரைய உட்கார்ந்தவனுக்குத் திடுக்கென்றது. அம்மாவின் நாடி, அந்த முகவாய், மறந்துபோயிருந்தது. உடனே அழைத்தான்.

"அம்மா, போனைக் கொஞ்சம் கீழ இறக்குங்கோ. உங்கட முகம் தெரியேல்லை."

"உன்ர முகம் எனக்கு வடிவாத் தெரியுது. பிறகென்ன?"

"நாடியைக் காட்டுங்கோ எண்டுறன்."

"நாடியில என்னடா கிடக்கு? நீ சாப்பிட்டனியே?"

"ஐயோ அம்மா!"

"என்ன சொல்லுறாய், ஒண்டும் கேக்கேல்லை" என்று அவள் போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

திரை முழுக்கக் காது. தோட்டின் பாரத்தில் நீண்டுபோன துளை, அதன்மேல் விழுந்த இரண்டு நரைமயிர். இவ்வளவு கிட்டத்தில் அம்மாவை அவள் தோளில் கிடந்த வயதில்தான் பார்த்திருப்பான். பென்சிலைக் கீழே வைத்தான். திரையோடு வாயை ஒட்டி, அந்தக் காதுக்குள் மெல்லச் சொன்னான்.

"இன்னும் சாப்பிடேல்லை, அம்மா."