பல் பதிந்த கடலை

மழைக்காலத்துக்குச் சேர்க்கும் கடலையில் ஒவ்வொரு அணிலும் தன் பல்லைப் பதித்து வைக்கும், அதுதான் அடையாளம். பெருச்சாளியிடம் ஒன்று கொடுத்தால் மறுநாள் இரண்டாகத் திரும்பும் என்று கேள்விப்பட்டு, மூத்த அணிலும் கொடுத்துப் பார்த்தது. இரண்டு வந்தது. இரண்டிலும் வேறு யாருடைய பல்லோ பதிந்திருந்தது.

“யாரு பல்லா இருந்தா நமக்கென்ன?” என்று சிரித்துவிட்டு, பொந்தைத் துடைத்து எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் பெருச்சாளி வளையைத் திறக்கவில்லை. மூத்த அணில் பசியோடு நனைந்து நின்றபோது, பக்கத்து மரத்துச் சின்ன அணில் மூட்டையோடு வந்தது.

“அக்கா, காலையில எனக்கு ரெண்டு கொடுத்தாரு, பாரேன்! மிச்சத்தையும் கொண்டாந்துட்டேன்.”

மூத்தது அந்த இரண்டையும் வாங்கிப் பார்த்தது. “இது என் பல்லுடி.”

“யாரு பல்லா இருந்தா என்னக்கா? கொஞ்சம் நகரு, கதவைத் தட்டணும்.”