விற்றுப்போன தொண்டை

ஜெசிந்தா தன் குரலை ஓர் இசை நிறுவனத்துக்கு விற்றபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அதன்பிறகு அந்தக் குரல் எந்த மைக்கில் விழுந்தாலும், அவள் வாயிலிருந்தே வந்தாலும், ஒப்பந்தப்படி மைக் அதை அடையாளம் கண்டு தானாக அணைந்துவிடும். அவள் எழுதிய ராக் பாட்டுகளை நிறுவனத்தின் கணினி அவள் குரலிலேயே பாட, ஊரெல்லாம் கேட்டது. அவளோ பெரம்பூரில் குரல் பயிற்சி கொடுத்துப் பிழைத்தாள். தொண்டை கிழியக் கத்தக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

இன்று காலையிலிருந்து அவளே மொட்டைமாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கச்சேரி.

"அக்கா, போதும். தொண்டை மொத்தமா போயிடப்போகுது," என்றாள் இலக்கியா. ஜெசிந்தாவின் மாணவி, சாயங்காலக் கச்சேரியில் டிரம்ஸ் வாசிக்கப்போகிறவளும் அவள்தான். "நாங்க இப்படிக் கத்துனா சும்மா விடுவீங்களா?"

"உன்னோடது நல்ல தொண்டைடி. என்னோடது வித்துப்போன தொண்டை. போனாப் போகட்டும்."

மேடையில் அவள் வாயைத் திறந்ததும் தரையில் தகரத்தை இழுப்பதுபோல ஒரு குரல் வந்தது. மைக்குக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பாட்டு முடியும்வரை அது அணையவே இல்லை. கூட்டம் நாற்காலிகளை விட்டு எழுந்து ஆடியது.

நிறுவனத்துக்காரர் மேடையோரம் ஓடிவந்தார்.

"மேடம், இந்தக் குரலும் பிரமாதம். இதையும் நாங்களே வாங்கிக்கிறோம்."

ஜெசிந்தாவிடம் இன்னும் ஒரு பாட்டுக்கான தொண்டைதான் மிச்சமிருந்தது. அதை அவரிடம் பேசிச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை. இலக்கியாவைத் திரும்பிப் பார்த்து, டிரம்ஸை அடி என்று கையை உயர்த்தினாள்.