கடைசி ஏழு விநாடி

சனிக்கிழமை மதிய வெயில் சோபாவின் பாதியில் விழுந்து கிடக்கிறது. மீதிப் பாதியில் என் வீட்டுக்காரர், மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டுக்கொண்டு, கைப்பேசியை முறைத்துக்கொண்டிருக்கிறார். ஆன்லைன் ஏலத்தில் ஒரு போர்க்கப்பல் மாடல் கிட். நானூறு பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டிச் சேர்த்தால் கப்பல். இவர் எதையும் ஒட்டியதில்லை. பரணில் அடுக்கியிருக்கும் முப்பத்தொரு பெட்டிகளில் ஒன்றின் மேலுறையைக்கூடப் பிரித்ததில்லை. "முன்னாடியே கேட்டா விலையை ஏத்தி விட்டுருவானுங்க. கடைசி ஏழு செகண்டுலதான் அடிக்கணும்" என்று பெரிய படைத்தளபதி மாதிரி எனக்குப் பாடம் எடுக்கிறார். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுமையில்லாத மனிதர், நான்கு நாளாக இந்த ஒரு பெட்டிக்குக் காவல் காக்கிறார். "அப்பா, சைக்கிள் செயின்..." என்று மகள் ஆரம்பிக்கிறாள், திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி அடக்குகிறார். பெட்டியின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, "மூலை லேசா நசுங்கியிருக்கு, அதான் மலிவு. விக்கிறவனுக்கு இதோட அருமை தெரியல" என்று இளிக்கிறார். படத்தில் பெட்டிக்குப் பின்னால் நீலப்பூப் போட்ட திரைச்சீலை ஒன்று தெரிகிறது. அது இவர் தலைக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருக்கிறது. ஏழாவது விநாடியில் விரல் பாய்கிறது. "அடிச்சேன் பாரு!" என் கையிலிருக்கும் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து, 'உங்கள் பெட்டி விற்பனையாகிவிட்டது' என்கிறது. "வீடு வந்து சேர அஞ்சு நாள் ஆகுமாம்" என்று பெருமூச்சு விடுகிறார். பரண் ஏணிக்கு மொத்தமே ஐந்து படிதான். நான் அவசரப்படப் போவதில்லை.