நண்பன் வீட்டு வான்கோழி

"வீடு என்னுதில்லம்மா. நண்பன் ஒருத்தனோடது," என்றார் லோவல், போனில். அவர் சட்டையில் புகை வாடை இன்னும் போகவில்லை.

"நண்பரோடதா? சரி லோவல் சார், சொல்லுங்க," என்றாள் காப்பீட்டு நிறுவனத்துப் பெண். குரலில் சிரிப்பு இருந்தது. தங்கமான பெண் என்று லோவல் நினைத்துக்கொண்டார்.

நண்பன் பொய்யில்லை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு டுவேன். விஸ்கான்சின் குளிரில் ஐஸ் கரையாத தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழியை அப்படியே கொதிக்கிற எண்ணெயில் இறக்கியதில், எண்ணெய் பொங்கித் தீப்பிடித்து, அவருக்குப் புருவம் பாதி போயிருந்தது. கார் நிறுத்தும் கராஜின் கதவு முழுசாகவே போயிருந்தது.

பனியில் கூரை ஒழுகியதற்கு, குழாய் வெடித்ததற்கு என்று டுவேன் ஏற்கெனவே இழப்பீடு வாங்கியவர். இன்னொன்று பதிவில் ஏறினால் பாலிசியே கிடையாது என்று அவருடைய கம்பெனி சொல்லியிருந்தது. சும்மா விசாரித்தாலே ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, போனைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

"என் கம்பெனில நான் கேக்கறேன்டா," என்று லோவல்தான் மார் தட்டினார். "கல்யாணமான நாள்லேர்ந்து என் பேர்ல ஒரு க்ளெய்ம்கூடப் பதிவுல கிடையாது. ராஜ மரியாதையா பதில் சொல்லுவாங்க."

இப்போது கேட்டார். "எண்ணெய்ச் சட்டியால கராஜ் கதவு தீப்பிடிச்சா பாலிசில வருமாம்மா?"

"வரும் சார். சட்டி கதவுக்குப் பக்கத்துலயா இருந்துச்சு?"

லோவல் டுவேனை முறைத்தார்; அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒட்டியே வச்சிருக்கான். அவனுக்கு அவ்வளவுதான் புத்தி."

டுவேன் ஒரு பன்னை எடுத்து அவர் மேல் எறிந்தார்.

"உங்களுக்கு அடிகிடி எதுவும் படலையே சார்?"

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்." யார் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்கள் இந்தக் காலத்தில்? லோவலுக்கு மனசு குளிர்ந்துபோனது. மறுமுனையில் தட்டச்சு செய்கிற சத்தம் சடசடவென்று கேட்டது.

"வெறும் கதவுதான்னா, முதல்ல நீங்க கைக்காசு போட வேண்டிய தொகையே கதவு விலைக்கு மேல வந்துரும் சார். க்ளெய்ம் பண்றதுல பிரயோஜனமில்ல."

லோவல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். டுவேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவை நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று கையாலேயே சுத்தியல் அடித்துக் காட்டினார்.

"ரொம்ப உபகாரம்மா," என்றார் லோவல். "அவன் பேரைக்கூட நீ கேக்கல பாரு, அதுக்கே உனக்கு ஒரு வான்கோழி தரணும்."

"எல்லாரும் நண்பர் வீடுன்னுதான் சார் சொல்லுவாங்க. கூச்சப்படாதீங்க, உங்க பேர்லயே பதிஞ்சுட்டேன்."