ஒரே ஒரு நட்சத்திரம்

"நீ உட்காரு. தட்டையெல்லாம் நான் கழுவிடுறேன்."

கணவன் இப்படிச் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிற மனுஷன், இப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிங்க் முன்னால் நிற்கிறான்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"வேலை கீலை போயிடுச்சா?"

"போறதுக்கு எனக்கு எங்க இருக்கு வேலை?"

அதுவும் சரிதான். பெரிய கம்பெனியில் பட்டாளமாகச் சேர்ந்து கணினியில் ஆடும் சண்டை விளையாட்டு உருவாக்கிக்கொண்டிருந்தவன், "சின்னதா, முழுசா என் கையால ஒண்ணு பண்ணணும்" என்று உதறிவிட்டு வந்துவிட்டான். படுக்கையறை மூலையில் தனியாளாக உட்கார்ந்து அவன் செய்தது ஒரு குட்டி விளையாட்டு. போனில் இறக்கினால் இடமே அடைக்காது. ஒரு வீடு, அதில் ஒரு ஆள். விரலால் தட்டினால் நடப்பான். விருந்தாளி வந்து கதவைத் தட்டுவதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். மொத்த விளையாட்டும் அவ்வளவுதான்.

வேலைவெட்டி இல்லாதவர்கள்கூட இதை விளையாடுவார்களா என்று அவளுக்குச் சந்தேகம். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

அவளுக்கு ஏது நேரம்? நாளெல்லாம் மருந்துக் கடையில் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் அதே தட்டு, அதே ஈரத் துண்டு. கேட்டால் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பான். போனில் மாமியாரிடம் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். "சின்ன வயசிலேருந்தே அவன் அப்படித்தான்மா. நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்பார் அவர். பெற்ற பாசம், வேறு என்ன சொல்வார்?

அனுசரித்தது போதும், அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று போன வாரம்தான் துணிமணிகளை அடுக்கி ஒரு பெட்டியைக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்தாள். அந்த நேரம் பார்த்து இவன் இப்படி மாறித் தொலைத்தால் அவள் என்னதான் செய்வாள்?

தட்டுகளைக் கவிழ்த்துவிட்டு அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "போதும், நடிக்காத. எனக்கு எல்லாம் தெரியும்."

பெட்டியைப் பார்த்துவிட்டானோ? "என்ன... என்ன தெரியும்?"

"சிடுமூஞ்சி நீதானே?"

"அது நீங்க என்னைக் கூப்பிடுறதுதானே? சும்மா இருக்கறவளை ஏன் சண்டைக்கு இழுக்கறீங்க?"

அவன் சிரித்துக்கொண்டே போனை நீட்டினான். அவனுடைய விளையாட்டைப் பற்றி விளையாடுகிறவர்கள் எழுதும் பக்கம். 'சிடுமூஞ்சி' என்ற பெயரில் யாரோ தினம் தவறாமல் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரே ஒரு நட்சத்திரம்.

'இந்த ஆள் சாப்பிட்ட தட்டை எடுத்துப் போட மாட்டானா? பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.'

'ஈரத் துண்டைப் போட இவனுக்குக் கட்டில்தான் கிடைத்ததா?'

'கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை. காதில் என்ன பஞ்சா வைத்திருக்கிறான்?'

"முதல்ல எனக்குச் சரியான கோபம். தினமும் விளையாடவும் செய்யுது, தினமும் திட்டவும் செய்யுதே, யாருடா இதுன்னு. ஆனா சொன்னதெல்லாம் நியாயமா இருந்துச்சு. ஒவ்வொண்ணா திருத்தினேன். அதுக்கப்புறம்தான் நாலு பேர் இறக்கி விளையாடவே ஆரம்பிச்சாங்க."

"சரி, அதுக்கு?"

"அன்னைக்குக் குளிச்சிட்டு வந்து துண்டைக் கட்டில்ல வீசினேன் பாரு, அப்பதான் பொறி தட்டுச்சு. அட, விளையாட்டுக்குள்ள என்னையே பிடிச்சுப் போட்டிருக்கேனே!" அவன் தலையில் தட்டிக்கொண்டான். "நேர்ல நீ சொன்னப்பெல்லாம் நான் காதுல வாங்கலை. ஒருத்தரும் சீண்டாத விளையாட்டை எனக்காக நீ தினம் விளையாடியிருக்கே. இது போதும் எனக்கு."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

"ம்" என்றாள்.

தேநீருக்குப் பால் வாங்கி வருவதாக உற்சாகமாகக் கிளம்பிப் போனான். அவளுக்கோ தலை கிறுகிறுத்தது. யார் இந்தச் சிடுமூஞ்சி? தட்டு சங்கதி யாருக்கு வேண்டுமானாலும் தெரிந்திருக்கலாம். கட்டிலில் ஈரத் துண்டு கிடப்பது எப்படித் தெரியும்? கட்டில் வரைக்கும் வந்து பார்த்தவள் எவளாவது இருக்கிறாளா? அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இவன் தட்டுக் கழுவுகிறானா?

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தாள்.

போன் அடித்தது. மாமியார்.

"அம்மாடி, அவன் பக்கத்துல இருக்கானா?"

"இல்லை அத்தை. எல்லாத் தட்டையும் கழுவி வச்சிட்டு, கடைக்குப் போயிருக்கார்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கழுவிட்டானா!" மாமியாரின் குரல் துள்ளியது. அடுத்த நொடி ரகசியமாகத் தணிந்தது. "அம்மா திட்டினா எந்தப் பிள்ளை கேக்குது? அதான் நீ அழுது சொன்னதையெல்லாம் உன் பட்டப்பேர்ல எழுதினேன். இப்ப சொல்லு, அஞ்சு நட்சத்திரம் போட்டுடலாமா, இல்ல திட்டறதுக்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"